காந்தம் ஒட்டும் கல்லெல்லாம் விண்கல் அல்ல

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கோமுகி ஆற்றிலோ மணிமுக்தா ஆற்றிலோ மழைவெள்ளம் வடிந்த பிறகு மணல் திட்டுகளின் ஓரத்தில் கருப்பாக ஒரு வரி படிந்திருக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன்மேல் இழுத்தால் நொடியில் காந்தத்துக்குத் தாடி முளைத்துவிடும். அந்தக் கருமணல் கல்வராயன் மலையின் சொத்து. மலையின் சார்னோகைட், நைஸ் பாறைகளில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது பொடிப்பொடியாகக் கலந்திருக்கிறது. பாறை சிதைந்து மண்ணாகும்போது இலேசான துகள்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கனமான மேக்னடைட் பின்தங்கிப் படிகிறது.

விண்கல் தேடுவோருக்கான கையேடுகள் பெரும்பாலும் சகாரா மணலையோ அண்டார்டிகாவின் பனியையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெண்பனியின்மேல் கருங்கல் ஒன்று தனியாகக் கிடந்தால் அது மேலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அங்கே காந்தம் நல்ல துணை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நிலவரம் அதற்கு நேர்மாறானது. மேற்கே சேலத்தில் கஞ்சமலை, வடக்கே திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலையும் வேடியப்பன்மலையும் இருக்கின்றன. மூன்றுமே இரும்புத் தாதுக்குப் பேர்போனவை. நடுவில் இருக்கிறது கல்வராயன். போதாக்குறைக்கு இந்த மண்ணில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஆகவே இங்கே காந்தம் ஒட்டும் கல்லைக் கண்டெடுப்பது அரிய செய்தி அல்ல. அது எந்தக் கல் என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

தமிழ்நாட்டில் இதுவரை பதிவான விண்கற்கள் இந்த வேலைக்கு நல்ல பாடம். 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. பர்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியலில் உள்ள அவற்றின் மொத்த எடை சுமார் 77 கிலோ. 1886 ஜனவரி 27 அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் சுமார் நாலரைக் கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. பட்டியலில் அதன் பெயர் நம்மியந்தல். கள்ளக்குறிச்சியும் அப்போது அதே தென்னாற்காட்டின் ஒரு தாலுகாதான். 1898-இல் கொடைக்கானலில் சுமார் 16 கிலோ எடையுள்ள இரும்பு விண்கல் கண்டெடுக்கப்பட்டது. 2008 செப்டம்பர் 12 காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் விழுந்த கற்களின் மொத்த எடை சுமார் 110 கிலோ.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் வகையைச் சேர்ந்த மூன்றும் விழும்போதே மக்கள் கண்டவை, கேட்டவை. யாரும் பார்க்காமல் விழுந்து பின்னாளில் கிடைத்தது இரும்பு ஒன்றுதான். காரணம் நம் வெயிலும் மழையும். கல் வகை விண்கல்லுக்குள் இருக்கும் உலோகம் ஈரத்தில் துருப்பிடித்து, துரு உப்பி, கல் உள்ளிருந்தே பிளந்து உதிர்ந்துவிடும். கட்டி இரும்பு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். வறண்ட பாலையில் பல்லாயிரம் ஆண்டு கிடக்கக்கூடிய கல், வடகிழக்குப் பருவமழை கொட்டும் மண்ணில் அவ்வளவு நாள் நிலைக்காது. வயலை உழும்போது அகப்பட்ட பழங்கல் விண்கல்லாக இருக்கும் வாய்ப்பு இதனாலேயே இன்னும் குறைகிறது.

இரண்டாவது பாடம் காந்தத்தைப் பற்றியது. விழும் விண்கற்களில் பெரும்பகுதி காண்ட்ரைட் என்னும் கல் வகை. இரும்புக் கட்டிகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். அவற்றில் பெரும்பான்மையான சாதாரணக் காண்ட்ரைட்டுகளிலும் உலோக அளவைப் பொறுத்து எச், எல், எல்எல் என மூன்று பிரிவுகள் உண்டு. நம்மியந்தல் எச் பிரிவு. உலோகம் நிறைய, காந்தம் நன்றாகவே பிடிக்கும். பர்னல்லியும் சூளகிரியும் எல்எல் பிரிவு. இவற்றில் உலோகம் மிகச் சில சதவீதம்தான். காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அருகே கொண்டுபோனால் இலேசாகச் சாயும், அவ்வளவே. குஜராத்தின் தியோதரில் 2022 ஆகஸ்ட் 17 அன்று விழுந்த ஆப்ரைட் வகையில் உலோகம் அதைவிடவும் அரிது. ஆக, இந்த வட்டாரத்தில் காந்தத்தை வெடுக்கென்று இழுத்து ஒட்டிக்கொள்ளும் கருங்கல்லை முதலில் உள்ளூர்க் கல் என்றே சந்தேகிக்க வேண்டும். சோதனைக்குச் சிறிய, சக்தி குறைந்த காந்தமே போதும். கணினி வன்வட்டில் வரும் நியோடிமியம் காந்தம் வேண்டாம். விண்கல் தன் பிறப்பிடத்திலிருந்து கொண்டுவந்த நுண்ணிய காந்தப் பதிவை அது ஒரே தொடலில் அழித்துவிடும். செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கற்கள் சில அப்படித்தான் காந்தப் பதிவு ஆய்வுக்குப் பயனற்றுப் போயின என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

உள்ளூர்க் கற்களில் ஆளை அதிகம் ஏமாற்றுவது பட்டைபட்டையான மேக்னடைட் குவார்ட்சைட். கருப்பும் வெள்ளையும் மாறி மாறி அடுக்காக வரும்; கருப்பு மேக்னடைட், வெள்ளை குவார்ட்ஸ். பாறையாக மலையில் பார்த்தால் யாரும் குழம்பமாட்டார்கள். ஓடையில் உருண்டு, பழுப்பேறி, கைப்பிடி அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் சிக்கல். கனமாக இருக்கும், காந்தம் பிடிக்கும், மேல்தோல் கருத்துப் பளபளக்கும். ஒரு முனையை உடைத்துப் பார்த்தால் போதும்: கண்ணாடி போன்ற வெள்ளைக் கீற்று தெரியும், அதன் விளிம்பு பாட்டில் கண்ணாடியில் கீறல் போடும். கண்ணுக்குத் தெரியும் குவார்ட்ஸ் விண்கல்லில் இருப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் படிகக் கீற்று தெரிந்த இடத்தில் தேடலை முடித்துவிடலாம். சார்னோகைட்டும் அப்படியே. வெளியே பழுப்பு, உடைத்தால் எண்ணெய்ப் பசை பூசியது போன்ற கருநீலச் சாம்பல், நடுவே நீலம் தட்டிய குவார்ட்ஸ். டோலரைட் என்ற கருங்கல்தான் கொஞ்சம் சோதிக்கும். அதில் குவார்ட்ஸ் கண்ணில் படாது, நிறமும் சீரான கருப்பு. ஆனால் உடைத்த முகத்தில் உலோக மினுக்கம் இருக்காது. விண்கல்லின் கரிய தோலுக்கும் உள்ளிருக்கும் வெளிர்நிறத்துக்கும் இடையே தெரியும் வேறுபாடும் அதில் இல்லை.

கோடு போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. தரைக்குப் போடும் டைல்ஸின் மெருகில்லாத பின்புறமோ, பீங்கான் கோப்பையின் அடிவளையமோ போதும். கல்லை அழுத்தி இழுத்தால் மேக்னடைட் கருப்புக் கோடு விடும். ஹேமடைட் செங்காவிக் கோடு விடும். வெளியே எவ்வளவு கருப்பாக மின்னினாலும் கோடு சிவப்புதான். செம்புறாங்கல் உருண்டைகள் மஞ்சளோ பழுப்போ விடும். புதிய விண்கல் அநேகமாக ஒன்றும் விடாது, விட்டாலும் மங்கிய சாம்பல் நிறம்தான்.

மலையின் கற்களை விலக்கிய பிறகு எஞ்சுவது உலையின் கற்கள். இதில் கள்ளக்குறிச்சிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சங்கராபுரம் வட்டம் மேல்சிறுவளூரில் பழங்கால எஃகு உருக்குக் களத்தைத் தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டு 1994-இல் கட்டுரையாக வெளியிட்டார். மூடிய மண்மூசைகளுக்குள் இரும்பைக் கரியோடு சேர்த்து வைத்து உருக்கி எடுத்த, உலகம் வூட்ஸ் என்று பெயர் சொல்லும் உயர்கரி எஃகு அது. உடைந்த மூசைத் துண்டுகளில் கருங்கண்ணாடி போல உருகிய பூச்சு ஒட்டியிருந்தது. அதற்குள் சிறு எஃகுத் துளிகள் சிக்கியிருந்தன. விண்கல் என்று நினைத்து இத்தகைய துண்டைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர் தன்னையறியாமல் தொல்லியல் சான்றை இடம்பெயர்க்கிறார். அது விண்கல்லைவிட எந்த வகையிலும் மதிப்புக் குறைந்ததல்ல. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வதே முறை.

மூசை எஃகு மட்டுமல்ல, சாதாரண இரும்பு உலைகளும் ஏராளமாகக் கசடு விட்டுச் சென்றன. ஊர்ப்பக்கம் கிட்டம் என்பார்கள். சித்த வைத்தியத்தில் மண்டூரம் என்ற பெயரில் மருந்தாகும் சரக்கும் இந்தப் பழைய கிட்டம்தான். உலையிலிருந்து வழிந்தோடி ஆறிய கிட்டத்தின் மேற்புறத்தில் கயிறு கயிறாக நெளிவுகள் இருக்கும். காற்றில் உரசி உருகிய விண்கல் தோலின் ஓட்டவரிகள் என்று இதைத்தான் பலர் தவறாக எண்ணுகிறார்கள். வேறுபாட்டை அறிய மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, குமிழி ஓட்டைகள். உருகிய கசட்டிலிருந்து வாயு வெளியேறியதால் கிட்டத்தின் உள்ளே ஊசித்துளை முதல் பட்டாணி அளவு வரை பொந்துகள் இருக்கும். விண்கற்களில் குமிழிப் பொந்து மிக மிக அபூர்வம். இரண்டு, அடிப்புறம். உலைத் தரையின் மண்ணும் கூழாங்கல்லும் அதில் ஒட்டி உறைந்திருக்கும். மூன்றாவது அடையாளம் கிடைத்துவிட்டால் வேறு சோதனையே வேண்டாம்: மரக்கரி பதிந்த அச்சு. கரித்துண்டின் நார்வரி வரைக்கும் கிட்டத்தில் தெளிவாகப் பதிந்திருக்கும். கரி எரியும் உலைக்குள் விண்கல் உருவாவதில்லை.

புதிய காலத்துக் கசடுகளின் கதை வேறு. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்திலும் ஊர்ச்சாலைகளிலும் நிரப்புக்கு வெளியூர் ஆலைக் கசடு வந்து சேரக்கூடும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைகளைப் போல, சக்கையை எரிக்கும் எந்தக் கொதிகலனிலும் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாகும். இலேசாகவும் பொந்தாகவும் இருக்கும். காளவாயில் அளவுக்கு மீறி வெந்து உருகிய செங்கல் கருத்து, நுரைத்து, காந்தத்துக்கும் கொஞ்சம் அசையும். களிமண்ணில் இருக்கும் இரும்பு அந்தச் சூட்டில் மாறிவிடுவதே காரணம். சின்னசேலம் வழியாகப் போகும் இருப்புப்பாதை ஓரத்தில் வார்ப்பிரும்புச் சில்லுகள் கிடக்கலாம். போர்வெல் வண்டி வேலை செய்த இடத்தில் தேய்ந்த துளையிடும் முனை, சிமென்ட் ஆலைகளில் அரவைக்குப் பயன்படும் எஃகுக் குண்டு, வெல்டிங் பட்டறையில் சொட்டி உறைந்த உலோகம் ஆகிய எல்லாமே கனம், எல்லாமே காந்தம் பிடிக்கும். முழு உருண்டையாக ஒரு இரும்புக் குண்டு கிடைத்தால் அது அரவை ஆலையிலிருந்து வந்தது என்றே கொள்ளலாம். விண்கற்கள் ஒழுங்கற்ற வடிவமும் மழுங்கிய விளிம்பும் கொண்டவை.

இவ்வளவையும் கழித்த பின்னும் ஒரு கல் கையில் மிஞ்சினால், அதன் தோலை நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்கல்லின் உருகுதோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில், மங்கிய கருப்பில், கல்லைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். உடைந்த ஓரத்தில் தோல் வேறு, உள்கல் வேறு என்று பளிச்செனத் தெரியும். உள்ளே பெரும்பாலும் வெளிர்ச்சாம்பல். பிசைந்த களிமண்ணில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற ஆழமற்ற குழிகள் சில கற்களில் இருக்கும், பலவற்றில் இருக்காது. குழி இருப்பது சாதகம், இல்லாதது பாதகம் அல்ல. குழிக்கும் பொந்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும்: குழி மேற்பரப்போடு நின்றுவிடும், பொந்து உள்ளேயும் தொடரும்.

அடுத்து, அரத்தால் ஒரு மூலையைத் தேய்த்துச் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சன்னல் திறக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் காண்ட்ரைட்டில் இரண்டு தெரியும். சாம்பல் பரப்பில் ஆங்காங்கே வெள்ளி நிறத்தில் மின்னும் உலோகப் பொட்டுகள் ஒன்று. கேழ்வரகு அளவோ அதைவிடச் சிறியதாகவோ உருண்டை மணிகள் மற்றொன்று. அந்த மணிகளுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். பூமிப் பாறைகளில் இவை உருவாவதில்லை. மேக்னடைட் தேய்த்த இடத்தில் கருஞ்சாம்பலாகவே நிற்கும், உலோக வெண்மை காட்டாது. கிட்டத்திலும் சில வேளை உலோகத் துளி மின்னும் என்பதால் உலோகப் பொட்டு மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மணிகள் தெரிகின்றனவா, பொந்துகள் இல்லையா என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடர்த்தி பார்ப்பதற்குக் கல்லைத் தண்ணீரில் முக்க வேண்டியதில்லை. ஈரம் விண்கல்லுக்கு ஆகாது. ஒரு பாத்திரத்தில் கேழ்வரகைத் தலைதட்டி நிரப்பி, அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, கல்லை வைத்து மறுபடி கேழ்வரகால் நிரப்பினால் மீந்து நிற்பது கல்லின் கனஅளவு. மில்லிலிட்டர் குறித்த குவளையால் அதை அளந்து, கல்லின் கிராம் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 620 கிராம் கல்லுக்கு 180 மில்லி மீந்தால் அடர்த்தி 3.4. கிரானைட், சார்னோகைட் எல்லாம் 2.7 அருகில் நிற்கும். டோலரைட் 3 அருகில். காண்ட்ரைட்டுகள் 3.2 முதல் 3.8 வரை, சுத்த மேக்னடைட் 5.2, இரும்பு விண்கல் 7-க்கு மேல். கொதிகலன் கசடையும் சாதாரணப் பாறையையும் இது விலக்கிவிடும். ஆனால் குவார்ட்ஸ் கலந்த மேக்னடைட் குவார்ட்சைட்டும், இரும்பு மிகுந்த பழங்கிட்டமும் காண்ட்ரைட்டின் எண்ணிலேயே வந்து நிற்கக்கூடும். எண்ணை மட்டும் நம்பி விண்கல் என்று அறிவித்துவிட முடியாது.

இறுதித் தீர்ப்பு நிக்கல் சொல்வது. விண்கல் அறிவியலின் தொடக்கத்திலும் இந்தியக் கல் ஒன்றுக்கு இடம் உண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே விழுந்த கற்களையும் ஐரோப்பாவில் விழுந்தவற்றையும் ஆங்கில வேதியியலர் எட்வர்ட் ஹோவர்ட் பகுத்துப் பார்த்தார். எல்லாவற்றின் உலோகத்திலும் நிக்கல் இருப்பதை 1802-இல் அவர் வெளியிட்டார். வானத்திலிருந்து கல் விழும் என்பதையே சந்தேகித்த அறிஞர்கள் மனம் மாறியதில் அந்தப் பகுப்பாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்பு விண்கல்லில் நிக்கல் பொதுவாக 5 சதவீதத்துக்குக் குறையாது. பழங்கிட்டத்தின் இரும்பிலும் வார்ப்பிரும்பிலும் அவ்வளவு நிக்கல் இருக்காது. துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் உண்டு, ஆனால் கூடவே குரோமியமும் ஏராளம் இருக்கும்; விண்கல் இரும்பில் குரோமியம் மிகச் சொற்பம். இதை வீட்டில் செய்து பார்க்க இயலாது, ஆய்வகம் வேண்டும். அமிலம் ஊற்றி, இரும்பு விண்கல்லில் தோன்றும் படிகக் கோலம் தெரிகிறதா என்று பார்க்கும் வேலையும் வேண்டவே வேண்டாம். கைக்கும் கேடு, கல்லுக்கும் கேடு.

மேலே சொன்ன தேய்ப்பதும் கோடு போடுவதும் வயலில் கிடைத்த பழங்கல்லுக்குத்தான். வானில் தீக்கோளம் தெரிந்து, இடிபோல் சத்தம் கேட்டு, கண்ணெதிரே விழுந்த கல்லானால் விதி மாறும். அதன்மேல் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது, கழுவவும் கூடாது. ராஜஸ்தானின் முகுந்த்புராவில் 2017 ஜூன் 6 அன்று விழுந்த கரிம வகைக் கல் விழுந்த வேகத்திலேயே துண்டுகளாக உடைந்தது. அத்தகைய கல்லில் கரிமச் சேர்மங்கள் இருக்கும். வியர்வைக் கையும் குழாய்த் தண்ணீரும் அவற்றைக் கெடுத்துவிடும்.

விழுந்த கல் நெருப்பாய்க் கொதிக்கும், புல்லை எரிக்கும், பெரும் பள்ளம் தோண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சிறிய கற்களின் ஒளி தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடுகிறது. அதன்பின் அவை சாதாரணக் கல்லைப் போலத்தான் விழுகின்றன. மேல்தோல் ஆறிவிடும், உள்ளே விண்வெளியின் குளிர் மிச்சமிருக்கும். எரிந்த பள்ளம் வேறு எதையோ சொல்கிறது. 2016 பிப்ரவரி 6 அன்று அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே பொறியியல் கல்லூரி வளாகம் ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வெளியான படங்கள் தரையில் நிகழ்ந்த வெடிப்பையே காட்டுகின்றன என்று நாசா விஞ்ஞானிகள் கருத்துத் தெரிவித்தார்கள். விண்கல் என்ற சொல்லை அவசரப்பட்டு எழுதிவிட்டால் உண்மைக் காரணத்தைத் தேடும் வேலை பின்னுக்குப் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரிடியம், அரிசியை இழுக்கும் ரைஸ் புல்லர் கலசம் என்று கோடிக்கணக்கில் ஆசை காட்டி ஏமாற்றும் கும்பல்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி பிடிபடுகின்றன. விண்கல்லில் இரிடியம் இருப்பது உண்மை. ஆனால் சாதாரணக் காண்ட்ரைட்டில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. கைப்பிடிக் கல்லுக்குள் இருக்கும் இரிடியத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சோதனைக்கு முன்பணம் கேட்பவரும், வாங்க வெளிநாட்டு ஆள் காத்திருக்கிறார் என்பவரும் வந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதே சரி. கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் வாழும் கரியாலூர், வெள்ளிமலைப் பக்க ஊர்களில் இந்த விஷயத்தைப் பள்ளிக்கூடங்களிலேயே எடுத்துச் சொல்லலாம்.

கல் எல்லாச் சோதனையையும் தாண்டி நின்றால், அல்லது கண்முன் விழுந்தால், எடுப்பதற்கு முன் அது கிடந்த நிலையிலேயே அருகில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை பேர் சத்தம் கேட்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். சுத்தமான கையுறையோ புதிய பிளாஸ்டிக் பையோ கொண்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் கிடந்தால் நீங்களே எடுக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு அதிகாரபூர்வக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதன் தமிழ்நாட்டு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. வட்டாட்சியர் மூலமோ, கள்ளக்குறிச்சி மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை மூலமோ தகவல் அங்கே போய்ச் சேரும். அதுவரை கல்லை உடைத்துப் பங்கு போட யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.